கடை, ஹோட்டல், பட்டறைக்காரங்களுக்குப் பொறுப்பா தொழில் பண்ண ட்ரெய்னிங் குடுக்குறது எப்படி: மதுரைப்பக்கம் நான் பண்ற மாதிரி

அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு மதுரையில எந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு நீர்மோர் பந்தல் இருக்கும், பானகம், தக்காளி சாதம், விசிறின்னு அள்ளிக் குடுப்பாங்க, பின்னாடி பேனரைப் பாத்தீங்கன்னா ஏதாவது ஒரு ஜவுளிக்கடை, ஹோட்டல், பட்டறைக்காரங்க பேரு இருக்கும். அதனால நீங்க ஒரு மொதலாளிகிட்ட போயி "அண்ணே, சமூகப் பொறுப்போட தொழில் நடத்துறதுக்கு ஒரு ட்ரெய்னிங் தர்றேன்"னு சொன்னா, அவரு மொத வார்த்தையா சொல்றது "அதான் வருஷா வருஷம் பண்றோமே தம்பி"தான். போனை எடுத்து போட்டோவும் காட்டுவாரு.

இதுக்குப் பதில் தெரியாம போகாதீங்க, நான் போயி மாட்டிருக்கேன். அவரு மோர் ஊத்துனது நெசம், நல்ல மனசுதான், அதை மட்டம் தட்டிப் பேசினா அந்தக் கடைப்படி அதோட உங்களுக்கு மூடிரும். நான் இப்ப ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், "அண்ணே, பந்தல்ல நின்னு மோர் ஊத்துன உங்க கடைப் புள்ளைங்களுக்கு அன்னைக்கு சம்பளமா, லீவுல கழிச்சீங்களா?" சிரிப்பாரு, இல்லாட்டி முறைப்பாரு. எதுவா இருந்தாலும் பேச்சு ஆரம்பிச்சிரும். லாபம் வந்தப்பறம் எடுத்துக் குடுக்குறது தர்மம், அந்த லாபம் கடைக்குள்ள எப்படி வருதுங்கிறதைப் பாக்கத்தான் நான் வந்திருக்கேன்னு அப்பச் சொன்னா புரிஞ்சுக்குவாரு.

அடுத்து சி.எஸ்.ஆர் பத்திக் கேப்பாரு, அதாவது கம்பெனிங்க லாபத்துல சமூகத்துக்குன்னு செலவழிக்க வேண்டிய பங்கு, ஆடிட்டர் ஏதாவது சொல்லிருப்பாரு. நேராச் சொல்லிருங்க. 2013 கம்பெனிச் சட்டப்படி மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவழிக்கணும்ங்கிறது நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்பனை 1000 கோடி, இல்ல லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனிக்குத்தான், மாசி வீதிக் கடைக்கு இல்ல. இதைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுவாரு. விடட்டும். உங்களுக்கு உள்ளது வேற அண்ணேன்னு பைய ஆரம்பிங்க, 10 ஆளு ஆனா ஈ.எஸ்.ஐ, 20 ஆளு ஆனா பி.எஃப், 10 ஆளு உள்ள எடத்துல பெண்கள் பாதுகாப்புக்கு ஒரு உள் கமிட்டி, தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை, அப்பறம் உக்காரதுக்கு ஒரு ஸ்டூல். ஸ்டூலான்னு கேப்பாரு. அதுக்குத் தனியா வர்றேன்.

யாரைக் கூப்புடுறது, எப்பக் கூப்புடுறது

என்னோட மொத ட்ரெய்னிங்கை பைபாஸ் ரோட்டுல ஒரு ஏசி ஹால் எடுத்து வச்சேன், 40 பேருக்கு நாற்காலி, பெரிய ஸ்க்ரீன், ஸ்லைடு. தேதி பாக்க மறந்துட்டேன். அன்னைக்கு நல்ல முகூர்த்தம், வந்தது 11 பேரு, அதுல 4 பேரு மதியச் சாப்பாட்டுக்குன்னே வந்தவங்க. பத்தாததுக்கு ஒவ்வொரு நாற்காலி முன்னாடியும் ஹால்காரன் ஒரு கால் லிட்டர் பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வச்சிருந்தான், நான் ஸ்க்ரீன்ல பிளாஸ்டிக் பத்திப் பேசிட்டிருக்கேன், முன் வரிசையில ஒரு பெரியவரு அந்த பாட்டிலைத் தூக்கி என்னைய பாத்து ஆட்டுனாரு, ஒரு வார்த்தை பேசல. அன்னையில இருந்து ஹால் எடுக்குறதே இல்ல.

ஆடி மாசம் ஜவுளிக்காரங்க பக்கம் போகாதீங்க, தள்ளுபடி ஓடும். புரட்டாசி பாதியில இருந்து தீபாவளி வரைக்கும் யாருமே பேச மாட்டாங்க, மார்ச்சுல ஆடிட்டர் அவங்களை விட மாட்டாரு. தை பொறந்து பொங்கல் முடிஞ்சதும் ஒரு ஆறு வாரம் கெடைக்கும், சித்திரைத் திருவிழா கூட்டம் அடங்குனப்பறம் கொஞ்ச நாள் கெடைக்கும், அம்புட்டுத்தான். நேரமும் தொழிலைப் பாத்துதான் வைக்கணும். ஹோட்டல்னா மதியப் பந்தி முடிஞ்சு பரோட்டாக் கல்லு சூடேத்துறதுக்கு முன்னாடி, மூணரையில இருந்து அஞ்சு. ஜவுளிக்கடைன்னா காலையில ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடி. பட்டறைன்னா சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டப்பறம் வைக்காதீங்க, ஒருத்தரும் நிக்க மாட்டாங்க.

ஒரே தொழில்காரங்களை ஒண்ணா உக்கார வைக்கிறதும் தப்புன்னு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டேன். எதிர்க்கடைக்காரன் முன்னாடி எவனும் தன் கரண்ட் பில்லை விரிக்க மாட்டான். ஒரு ஹோட்டல், ஒரு ஜவுளிக்கடை, கப்பலூர் தொழிற்பேட்டையில ஒரு லேத் பட்டறை, சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுற ஒருத்தரு, ஒரு அப்பளக் கம்பெனி, இப்படிக் கலந்து ஆறு பேரு, மிஞ்சுனா எட்டு பேரு. மொதலாளி மட்டும் வந்தா பத்தாது, கூட அவரு எடத்துல வேலை செய்யிற ஒருத்தரு வரணும், அதுவும் மொதலாளி மச்சானா இல்லாம உண்மையிலேயே வேலை செய்யிறவரா. இந்த ஒரு கண்டிஷனுக்கே பாதிப் பேரு கழண்டுக்குவாங்க, பரவால்ல. காசு வாங்குங்க, கொஞ்சமா இருந்தாலும் வாங்குங்க, ஓசியில குடுத்த ட்ரெய்னிங்குக்கு மேனேஜரை அனுப்பிட்டு மொதலாளி வீட்டுல தூங்குவாரு.

பேச்சுக்கு முன்னாடி தராசு

சஸ்டெய்னபிலிட்டி, ஈ.எஸ்.ஜி இந்த வார்த்தையெல்லாம் வாசல்லயே கழட்டி வச்சிருங்க. கரண்டு, தண்ணி, குப்பை, ஆளு, இந்த நாலு போதும். கிளாஸ் வைக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒவ்வொரு கடைக்கும் நேர்ல போயி மூணு விஷயம் கேளுங்க. ஒரு வருஷத்து ஈபி பில்லு. ஒரு வாரம் குப்பையை எடை போட்டது, அதாவது ஈரக்குப்பை, காயிதம் அட்டை, பிளாஸ்டிக், எண்ணெய்னு தனித்தனியா, தராசு அவங்ககிட்டயே இருக்கும், இல்லன்னா நீங்க கொண்டுபோங்க. மூணாவது, போன பன்னெண்டு மாசத்துல வேலையை விட்டுப் போனவங்க எத்தனை பேரு.

இந்த மூணாவதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் எழுதி வைக்கிறதில்ல. சம்பள நோட்டை வச்சுகிட்டு பேரைப் படிச்சுப் படிச்சுக் கேட்டா, "இவன் போயிட்டான், இவளும் போயிருச்சு, இந்தப் பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் வரவேயில்ல"ன்னு அவரே சொல்லிட்டு வருவாரு, பாதியில நிறுத்திட்டு யோசிப்பாரு. "ஆளே கெடைக்க மாட்டேங்குது தம்பி"ன்னு எல்லா மொதலாளியும் சொல்றாங்க. கெடைச்ச ஆளு ஏன் நிக்கலங்கிறதுக்கு இந்த நோட்டுலதான் பதில் கெடக்கு.

கரண்டுக்கு ஒரு கணக்கை அவங்களையே போடச் சொல்லுங்க, நீங்க போட்டுக் காட்டாதீங்க. பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட்டு இழுக்கும், கரண்டு கம்மியா இழுக்குற புது மாடல் பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட்டு பக்கம்தான். 40 ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம், 45 வாட்டு மிச்சம்னா ஒரு நாளைக்கு 21.6 யூனிட்டு, மாசம் 26 நாளைக்கு 560 யூனிட்டுக்கு மேல. யூனிட்டு 9 ரூபான்னு வச்சா அஞ்சாயிரம் ரூபா. ஃபேன் 2,800 ரூபான்னு வச்சுக்கிட்டா 40 ஃபேனுக்கு 1,12,000, ரெண்டு வருஷத்துக்குள்ள முதல் திரும்பிரும். மொதலாளி தானே கால்குலேட்டரைத் தட்டி இந்த நம்பரைப் பாத்தாருன்னா அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்புட்டுருவாரு. ஒரே நாள்ல நாப்பதும் மாத்தச் சொல்லாதீங்க, கெட்டுப்போனதுக்குப் பதில் புதுசு, அப்பறம் ரொம்ப நேரம் ஓடுறது, இப்படி.

பட்டறையில ஃபேனை விட, காத்தை அழுத்திக் குழாய்ல அனுப்புற கம்ப்ரஸரைப் பாருங்க. எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிட்டு சாப்பாட்டு நேரத்துல காதைக் குடுத்துக் கேளுங்க, உஸ்ஸுன்னு நாலு எடத்துல காத்து ஒழுகும். அந்தச் சத்தம் முழுக்க கரண்டு காசுதான். சோப்புத் தண்ணியைத் தடவிப் பாத்தா எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சிரும், செலவே இல்லாத வேலை, அதை அங்க வேலை செய்யிற பையனே மத்தவங்களுக்குச் செஞ்சு காட்டணும். நான் வாயைத் தொறக்குறதில்ல.

ஸ்டூல்

சரி, இப்ப இதுக்கு வருவோம், இதுலதான் நான் ரொம்ப நேரம் செலவழிக்கிறேன், ஒரு ட்ரெய்னிங்ல பாதி நேரம்னே வச்சுக்கோங்க.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில வேலை பாக்குற புள்ளைங்க காலையில ஒம்போதரைக்கு நின்னா ராத்திரி ஒம்போது வரைக்கும் நிக்கும். கஸ்டமர் இல்லாத நேரத்துலயும் நிக்கணும், சாஞ்சா சூப்பர்வைசர் கத்துவாரு. 2021-ல தமிழ்நாட்டுல கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி எல்லாக் கடையிலயும் ஊழியருக்கு உக்காரதுக்கு எடம் குடுத்தாகணும்னு கொண்டு வந்தாங்க, கேரளாவுல அதுக்கு முன்னாடியே 2018-ல வந்திருச்சு. பெரும்பாலான மொதலாளிக்கு இது தெரியவே தெரியாது, தெரிஞ்சவங்க கடையில ஸ்டூல் இருக்கும், ஆனா அது மேல சேலைக்கட்டு அடுக்கி இருக்கும்.

இதுக்கு நான் ஸ்லைடு போடுறதில்ல. மொதலாளியை அவரு கடையிலயே மூணு மணி நேரம் நிக்க வைக்கிறேன். கல்லாவுல உக்காரக் கூடாது, போன் எடுத்து வெளிய போகக் கூடாது, செவுத்துல சாயக் கூடாது, தண்ணி குடிக்கணும்னா ஃப்ளோர்ல உள்ளவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போகணும். விளையாட்டா ஒத்துக்குவாங்க. ஒரு மணி நேரத்துல காலை மாத்தி மாத்தி வைப்பாங்க. ரெண்டாவது மணி நேரம் எங்கிட்டு சாயலாம்னு கண்ணு தேடும். ஒருத்தரு, வயசு அம்பத்தி சொச்சம், ரெண்டே கால் மணி நேரத்துல நேராப் போயி உக்காந்துட்டாரு, "எங்கம்மாவுக்கு நரம்பு சுருட்டு, அவங்களும் நின்ன பொழப்புதான்"னாரு. அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல.

ஆனா ஸ்டூல் வாங்கிப் போட்டதோட முடியாது. "கஸ்டமர் வர்றப்ப உக்காந்திருந்தா மரியாதை இல்லையே தம்பி"ம்பாங்க. நியாயமான பயம்தான், வாதாடாதீங்க. ஒரே ஒரு செக்‌ஷன்ல, சுடிதார் மெட்டீரியலோ உள்பாவாடையோ, ஒரு மாசம் உக்கார விட்டுப் பாருங்க, பக்கத்து செக்‌ஷன்ல பழைய மாதிரியே இருக்கட்டும், ரெண்டுலயும் விற்பனை எம்புட்டுன்னு அவரே நோட்டுல பாக்கட்டும். இதுவரைக்கும் நான் போன கடைங்கள்ல உக்காந்ததால யாவாரம் கொறைஞ்சுச்சுன்னு யாரும் சொல்லல.

ஸ்டூல் பேச்சுல இருந்துதான் பாத்ரூம் பேச்சு வரும். பாத்ரூம் போக விட மாட்டாங்கன்னு பயந்து தண்ணியே குடிக்காம இருக்குற பொம்பளப் புள்ளைங்க நெறைய. இதை மொதலாளி முன்னாடி அந்தப் புள்ளைங்க சொல்லாது. அதனால வேலை செய்யிறவங்ககிட்ட தனியா, மொதலாளியும் சூப்பர்வைசரும் இல்லாம, ஒரு அரை மணி நேரம் பேசுறதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிருங்க, கூட ஒரு பெண் ட்ரெய்னர் கட்டாயம் இருக்கணும். யாரு சொன்னாங்கன்னு வெளிய போகக் கூடாது. ஒரு தடவை நான் அசட்டையா "செகண்ட் ஃப்ளோர்ல சொன்னாங்க"ன்னு உளறிட்டேன், செகண்ட் ஃப்ளோர்ல இருந்ததே மூணு பேரு. அந்தக் கடைக்கு நான் அப்பறம் போகல, எனக்கே மூஞ்சி இல்ல.

அதே அரை மணி நேரத்துலதான் பாலியல் தொல்லைச் சட்டத்தையும் சொல்லணும். 2013 சட்டம். 10 பேரு வேலை செய்யிற எடம்னா உள் கமிட்டி இருக்கணும், தலைமைக்கு அந்த எடத்துலயே மூத்த பெண் ஊழியர், கமிட்டியில பாதிக்குக் கொறையாம பெண்கள், வெளியாள் ஒருத்தரு. சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், கமிட்டி 90 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். கமிட்டி வைக்கலன்னா 50,000 ரூபா வரைக்கும் அபராதம். 10 பேருக்குக் கீழ உள்ள கடைன்னா மாவட்ட அளவுல ஒரு உள்ளூர்க் கமிட்டி இருக்கு, அங்க குடுக்கலாம், மொதலாளி மேலயே புகார்னாலும் அங்கதான். செவுத்துல போர்டு எழுதி மாட்டுனா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க, நீங்க போயி ஒரு சேல்ஸ் புள்ளைகிட்ட "கமிட்டியில யாரு இருக்கா"ன்னு கேளுங்க, பேரு சொல்லலன்னா கமிட்டி இல்லன்னு அர்த்தம்.

ஹோட்டல், சாயப்பட்டறை

ஹோட்டல்ல எண்ணெய்ல ஆரம்பிங்க. பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்ப காய்ச்சினா எண்ணெய் கெட்டுப்போச்சுன்னு காட்டுற போலார் காம்பவுண்ட்னு ஒண்ணு அதுல ஏறும், அது 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து உணவுப் பாதுகாப்புத் துறை விதி இருக்கு. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கிற எடம்னா கணக்கும் எழுதணும். வடை மாஸ்டர் கையில டெஸ்ட் ஸ்ட்ரிப்பைக் குடுத்து அவரையே முக்கிப் பாக்கச் சொல்லுங்க, "கண்ணால பாத்தே சொல்லிருவேன்"பாரு, சொல்லட்டும், அப்பறம் ஸ்ட்ரிப் என்ன சொல்லுதுன்னு ரெண்டையும் ஒப்பிடுங்க. பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்குறவங்களுக்குக் குடுத்தா காசும் வரும். டின்னு டின்னா ரோட்டோரத் தள்ளுவண்டிக்கு விக்கிறதை மட்டும் மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க, அங்க திங்கிறது யாரு, இவங்க கடையில பாத்திரம் வெளக்குறவரோட புள்ளைங்கதான்.

பிளாஸ்டிக்ல ரெண்டு எடத்துல எல்லாரும் ஏமாறுறாங்க. காயிதக் கப்புதானேன்னு வச்சிருப்பாங்க, உள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, அதுவும் தடை லிஸ்ட்லதான். துணிப்பை மாதிரி தெரியிற நான்-ஓவன் பையும் பிளாஸ்டிக்தான், தடை லிஸ்ட் வந்தப்ப அதுவும் அதுல இருந்துச்சு, ஆனா பாதி ஜவுளிக்கடை அதைத்தான் துணிப்பைன்னு நம்பிக் குடுக்குது. நெருப்புக் குச்சியைக் கிட்டக் கொண்டுபோனா துணி கருகும், இது உருகும், அதைச் செஞ்சு காட்டுங்க. யாராவது ஒருத்தரு கண்டிப்பா "நம்ம தியாகராஜர் காலேஜ் புரொஃபசரு பிளாஸ்டிக்ல ரோடு போடக் கண்டுபுடிச்சிருக்காரே, அதுக்குத்தான் பத்மஸ்ரீயே குடுத்தாங்க, அப்ப என்ன"ம்பாரு. வாசுதேவன் சார் முறைக்கு சுத்தமா, காஞ்சு, தரம் பிரிச்ச பிளாஸ்டிக் வேணும்ணே, சாம்பார் ஒட்டுன பார்சல் கவர் அங்க போறதில்லன்னு சொல்லுங்க.

சாயக்காரங்ககிட்ட பொய் நம்பிக்கை குடுக்காதீங்க. சுங்குடி சின்னத் தொழில், ரெண்டு தொட்டி வச்சிருக்கிறவரு தனியா சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது, கூட்டா நிலையம் வேணும்னா அதுக்கு அரசாங்கமும் சேந்து வரணும். அவரு கையில இருக்குறது என்னன்னு மட்டும் பேசுங்க. சாயத்தை கையளவுல போடாம எடை போட்டுப் போடுறது, கடைசி அலசல் தண்ணியை அடுத்த துணியோட மொத அலசலுக்கு எடுக்குறது, உப்பும் சாயமும் கெட்டியா இருக்குற தொட்டித் தண்ணியை அலசல் தண்ணியோட கலக்காம தனியா வெயில்ல காய விடுறது. மதுரையில வெயிலுக்கா பஞ்சம். எதுக்கு இதெல்லாம்னு கேட்டா திருப்பூரைச் சொல்லுங்க, 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறையெல்லாம் ஒரேடியா மூடுனதை மறந்திருக்க மாட்டாங்க. வைகையும் எத்தனை நாளு தாங்கும்.

கப்பலூர், புதூர் எஸ்டேட் பக்கம் உள்ளவங்களுக்கு வேற ஒரு பிடி இருக்கு. பங்குச் சந்தையில பெரிய 1000 கம்பெனிங்க 2022-23-ல இருந்து பொறுப்பறிக்கைன்னு ஒண்ணு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபிக்குக் குடுக்கணும், அதனால அவங்க சப்ளையர்கிட்ட கரண்டு எம்புட்டு, விபத்து எத்தனைன்னு ஃபாரம் அனுப்புறாங்க. ஆர்டர் அங்கேர்ந்து வர்றதால இவங்க நிரப்பித்தான் ஆகணும், அதை நிரப்பக் கத்துக்குடுத்தாலே ஒரு கிளாஸ் முடிஞ்சிரும். பழுதில்லாம, சுற்றுச்சூழலைக் கெடுக்காம தயாரிக்கிறவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற இசட்.இ.டி சான்றிதழுக்கு குறுந்தொழிலுக்கு 80 சதவீதம் மானியமும் இருக்கு, அதுல மொதப் படியான வெண்கலத்துல ஆரம்பிச்சாப் போதும்.

"நல்லவனா இருந்தா யாவாரம் ஓடாது தம்பி"ன்னு கடைசியில ஒருத்தரு வருவாரு. அவருக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சொல்வேன். 1976-ல டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆனப்பறம் 11 படுக்கையோட ஆரம்பிச்சது, காசு குடுக்குறவங்க குடுக்குற காசுலயே முடியாதவங்களுக்கும் ஆபரேஷன். அது நன்கொடைப் பெட்டியில ஓடல, கணக்குல ஓடுது. மதுரைக்காரங்க எல்லாரு வீட்டுலயும் ஒரு ஆத்தாவாவது அங்க கண்ணு தெறந்திருக்கும், அதனால இந்த எடத்துல எதிர்க்கேள்வி வராது.

அப்பறம் திரும்பப் போங்க

கிளாஸ் முடியிறப்ப ஆளுக்கு ஒரு வேலை, ஒண்ணே ஒண்ணு, முப்பது நாள்ல முடிக்கிற மாதிரி எழுதி வாங்குங்க. பத்து எழுதுனா பத்தும் நடக்காது. யாரு செய்வா, எந்த நோட்டுல எழுதுவாங்கிறதும் அதுலயே இருக்கணும். மொதலாளி பேரை மட்டும் எழுதாதீங்க, ரெண்டு பேரு வேணும், ஏன்னா ஒரு ஹோட்டல்ல எல்லாம் ஜோரா ஆரம்பிச்சு, குப்பை எடை போட்டுட்டிருந்த பையன் வேலையை விட்டுப் போனதும் தராசு அரிசி மூட்டைக்குப் பின்னாடி போயிருச்சு.

முப்பதாம் நாள் சொல்லிட்டுப் போங்க, தொண்ணூறாம் நாள் சொல்லாம போங்க. போயி மொதலாளி ரூமுக்கு நேரா ஏறாதீங்க, காப்பி குடுத்து உக்கார வச்சிருவாங்க. ஹோட்டல்னா பின்வாசல் வழியாப் போயி எண்ணெய் டின்னு எங்க இருக்குன்னு பாருங்க. பட்டறைன்னா சாப்பாட்டு நேரத்துல போயி காதைக் குடுங்க. ஜவுளிக்கடைன்னா ரெண்டாவது மாடிக்குப் போயி ஸ்டூல்ல யாராவது உக்காந்திருக்காங்களான்னு பாருங்க. சேலைக்கட்டு உக்காந்திருந்துச்சுன்னா கீழ எறங்கி வந்து மொதலாளிகிட்ட தேதி கேளுங்க, திரும்ப ஒரு மூணு மணி நேரம் நிக்கிறதுக்கு.